உதிரிப் பாகம் வரும் வரையில்...

காஷ்மீரி கேட் என்றதும் தில்லித் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிலையம். 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்துதான் ஹரித்துவாரத்துக்கும் சிம்லாவுக்கும் மணாலிக்கும் நம்மவர்கள் விடுமுறைக்குப் புறப்படுவது வழக்கம். இப்போது மூன்று மெட்ரோ பாதைகள் அங்கே சந்திக்கின்றன. ஆனால், சாலையைக் கடந்து மறுபக்கத்துச் சந்துகளுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அங்கே கடைக்குக் கடை கியர்ப் பல்சக்கரங்களும், கிளட்ச் பிளேட்டுகளும், பிஸ்டன்களும், பேரிங்குகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆசியாவிலேயே பெரிய மோட்டார் உதிரிப் பாகச் சந்தை என்று அங்குள்ள வியாபாரிகள் பெருமையுடன் சொல்லிக் கொள்வார்கள். அந்தப் பெருமை எப்படியிருந்தாலும், ஒன்று மட்டும் நிச்சயம். இமயமலைக் கணவாயிலோ, சம்பல் பள்ளத்தாக்கிலோ, ராஜஸ்தான் மணலிலோ ஒரு லாரி நின்று போனால், பல சமயங்களில் அதன் விடுதலை இந்தச் சந்துகளில்தான் இருக்கிறது.

அப்படி நின்று போகிற லாரிகளில் நம் ஊர் லாரிகளும் உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்ற மூன்று ஊர்களின் பெயரும் இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் தெரியாத இடமில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுவது பெரிய தொழில். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக் கதை. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள், தண்ணீர் கிடைக்காத ஊர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நிற்கின்றன. டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்ற எண்களை ரிங் ரோட்டில் எங்காவது பார்த்தால், நம்மவர் வண்டி என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்காத தமிழர் உண்டா?

2,400 கிலோமீட்டர்

நாமக்கல்லிலிருந்து தில்லி சுமார் 2,400 கிலோமீட்டர். முன்பு ஏழாம் எண், மூன்றாம் எண், இரண்டாம் எண் என்று துண்டு துண்டாக இருந்த நெடுஞ்சாலைகள், 2010ஆம் ஆண்டில் எண்களை மாற்றியமைத்தபோது, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 44ஆம் எண் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. ஓசூர், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாகபுரி, ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று வரும் இந்தப் பாதையில் நகரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நகரத்துக்கும் நகரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் ஓட்டுநருக்குக் கவலை. நிர்மல், அடிலாபாத் பக்கத்துக் காடு, சிவனிக்கும் நாகபுரிக்கும் இடையிலுள்ள பெஞ்ச் வனம், முரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் ஆற்றங்கரையின் மண் மேடுகள், இவையெல்லாம் வண்டி ஓடும் வரை வெறும் காட்சிகள். வண்டி நின்றுவிட்டால் அதுவே வனவாசம்.

சம்பலைப் பற்றி வயதான ஓட்டுநர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். 1972ஆம் ஆண்டில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் முன்னிலையில் நூற்றுக்கணக்கான கொள்ளையர்கள் ஆயுதங்களை ஒப்படைத்ததும், 1983ஆம் ஆண்டில் பூலான் தேவி பிண்டு நகரில் சரணடைந்ததும் நாடறிந்த செய்திகள். அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் இரவில் ஆக்சில் முறிந்து நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒருவர் போக, ஒருவர் காக்க

வண்டி நின்றவுடன் நடக்கிற காரியங்களுக்கு எழுதப்படாத ஒரு முறை உண்டு. முதலில் கிளை ஒடித்துப் போட்டு, கல் வைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை செய்வது. பிறகு எந்தப் பாகம் போயிற்று என்று கழற்றிப் பார்ப்பது. போனது சின்னச் சாமான் என்றால் ஓட்டுநரே சரி செய்துவிடுவார். ஃபேன் பெல்ட், பல்பு, டீசல் குழாய், ஒரு செட் போல்ட் நட்டு இவையெல்லாம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பட்டை முறிந்தால் "கமானி" மிஸ்திரி என்று கேட்கவேண்டும் என்பது ஹிந்தி தெரியாத ஓட்டுநருக்கும் தெரியும். வடக்கே அவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் அதுவும் ஒன்று.

போனது பெரிய சாமான் என்றால் இருவரும் பிரியவேண்டும். உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, எதிரே வரும் லாரியில் ஏறி, ஓட்டுநர் பக்கத்து நகரத்துக்குப் போவார். கிளீனர் வண்டிக்குக் காவல். பாட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய், தொட்டியிலுள்ள டீசல் என்று திருடுபோகக் கூடியவை லாரியில் எத்தனையோ. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், மொழி தெரியாத ஊரில், வண்டிக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு இரண்டு நாளும் இருக்கலாம், ஆறு நாளும் இருக்கலாம். கூட இருப்பது ஸ்டவ்வும், அரிசி மூட்டையும், புளியும், மிளகாய்ப் பொடியும். பக்கத்தில் தாபா இருந்தால் அதிர்ஷ்டம். கயிற்றுக் கட்டிலைக் கொடுத்து, ரொட்டியும் கொடுத்து, "பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் தாபாக்காரர்களைப் பற்றி நம் ஓட்டுநர்கள் நன்றியோடு பேசுவார்கள்.

ஊருக்குத் தகவல் போவது அந்நாளில் தனிப் பாடு. தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இல்லையேல் தந்தி. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால், எந்தப் பாகம், எந்த வருஷத்து மாடல் என்ற விவரங்கள் சுருங்கிப்போய், தவறான சாமான் வந்து சேர்ந்த கதைகள் ஏராளம். அந்தத் தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலையுடன் நாட்டில் நின்றுபோயிற்று.

லேலண்டும் டாட்டாவும்

நம் வண்டிகளின் காத்திருப்பு ஏன் நீண்டது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் வண்டிகள்தான் தெற்கே அதிகம் ஓடின. ஜாம்ஷெட்பூரில் 1954ஆம் ஆண்டு முதல் டாட்டா கம்பெனி மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவுடன் தயாரித்த லாரிகள் வடக்கே கொடிகட்டிப் பறந்தன. ஆகவே மத்தியப் பிரதேசத்துச் சிறு ஊர்க் கடையில் டாட்டா சாமான் தூசி படிந்து கிடக்கும், லேலண்ட் சாமானைக் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். 1982ஆம் ஆண்டில் ராஜஸ்தானின் ஆல்வாரிலும் மகாராஷ்டிரத்தின் பண்டாராவிலும், 2010ஆம் ஆண்டில் பந்த்நகரிலும் லேலண்ட் தொழிற்சாலைகள் வந்த பிறகு வடக்கே அந்த வண்டிகள் பெருகின. வண்டிகள் பெருகினால் சாமானும் பின்னாலேயே வரும்.

சாமான் கிடைப்பது ஒன்று, சரியான சாமான் கிடைப்பது இன்னொன்று. ஹவுசிங்கிலுள்ள கிரவுன் பினியனை எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஜோடியாகவே தேய்த்துத் தயாரிக்கப்படுபவை. ஒன்று போனால் இரண்டையும் மாற்றவேண்டும். பல்லின் எண்ணிக்கை ஒன்று வித்தியாசப்பட்டாலும் ஜோடி சேராது. ஒரே பெயருள்ள லாரியிலேயே வருஷத்துக்கு வருஷம் இந்த எண்ணிக்கை மாறியிருக்கலாம். இதைக் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு 400 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தால், மறுபடியும் 400 கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் காஷ்மீரி கேட் கடைகள் மூடியிருக்கும். ஒரு நாள் மூன்று நாளாவது இப்படித்தான்.

மலைப் பாதையில்

சமவெளியில் இத்தனை கஷ்டம் என்றால் மலையில் எப்படியிருக்கும்? மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் சாலை வருஷத்தில் சில மாதங்களே திறந்திருக்கும். பாராலாச்சா கணவாயைத் தாண்டி, சர்ச்சு, பாங்க் என்ற கூடார ஊர்களைக் கடந்து, 5,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தாங்லாங் கணவாயில் ஏறி இறங்கவேண்டும். லாஹூலில் தாண்டி என்னும் ஊரிலுள்ள பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதி வைத்த பலகை அந்த வழிப் பிரயாணிகளிடையே பிரசித்தம். எண்ணெய்க்கே அந்தக் கதி என்றால் இன்ஜெக்டருக்கும் வாட்டர் பம்புக்கும் எங்கே போவது?

ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. அதனால் மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. பனிக்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹூல் மக்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அதற்கப்பாலுள்ள கணவாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே வண்டி நின்றால் காற்றிலும் பிராணவாயு குறைவு. ஒரு டயரைக் கழற்றுவதற்குள் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இரவுக் குளிரில் டீசல் கூழாக உறைந்துவிடும். தொட்டிக்கு அடியில் தீ மூட்டி இளக்குகிற ஆபத்தான வித்தையை அங்கே பார்க்கலாம்.

அந்தப் பாதையில் உதிரிப் பாகத்தைக் கொண்டு போகும் தூதர் யார் தெரியுமா? பெரும்பாலும் பேருந்துக் கண்டக்டர்தான். ஹிமாசல அரசுப் போக்குவரத்துக் கழகம் கோடை மாதங்களில் தில்லியிலிருந்து கேலாங் வழியாக லே வரை, சுமார் 1,000 கிலோமீட்டருக்குப் பேருந்து விடுகிறது. காஷ்மீரி கேட் சந்தில் வாங்கிய சாமானைச் சாலையைக் கடந்து கொண்டுபோய் மலைப் பேருந்தில் கொடுத்துவிட்டால், மறுநாளோ அதற்கு மறுநாளோ அது கணவாயின் அடிவாரத்தில் இறங்கிவிடும். சந்தையும் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் அருமை, மலையில் காத்துக் கிடப்பவருக்குத்தான் தெரியும்.

ராணுவத்துக்கு இதில் தனி ஏற்பாடு உண்டு. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி அமைக்கப்பட்ட இ.எம்.இ. படைப் பிரிவுக்கு வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுது பார்ப்பதே வேலை. படையோடு பட்டறையும் நகரும். பாகம் கிடைக்காத இடத்தில், இனி ஓடாது என்று ஆன ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொரு வண்டிக்குப் பொருத்தி ஓட வைப்பார்கள். அந்தப் பிரிவிலும், 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட எல்லைச் சாலைகள் நிறுவனத்திலும் பணிபுரிந்து, தில்லியில் குடியேறிய தமிழர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இரவு போவதே தெரியாது.

லண்டனிலிருந்து தில்லி

தரை மார்க்கமாக நெடும் பயணம் போனவர்கள் நம் லாரிக்காரர்கள் மட்டுமல்ல. 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனை விட்டுக் கிளம்பி, இந்தியா வழியாக 1956ஆம் ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி லண்டனிலிருந்து புறப்பட்ட "இந்தியாமேன்" என்ற பேருந்து, ஜூன் 5ஆம் தேதி கல்கத்தாவை அடைந்தது. பிறகு இருபது ஆண்டுகள் அந்த வழியில் எத்தனையோ வண்டிகள் வந்து போயின. 1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி ஏற்பட்டு, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததும் அந்தப் பாதை அடைபட்டது.

அந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு "கார்னே" என்ற சுங்கப் பத்திரம் உண்டு. வண்டியைத் திருப்பிக் கொண்டு போகிறேன், இல்லையேல் தீர்வையைக் கட்டுகிறேன் என்ற உறுதிமொழி அது. அதனால் வண்டி பழுதானாலும் போட்டுவிட்டுப் போகமுடியாது. நம் ஓட்டுநருக்கு அப்படிப்பட்ட பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் முதலாளியின் வண்டி, வியாபாரியின் சரக்கு, திருப்பிக் கட்டவேண்டிய தவணை ஆகியவை சேர்ந்து அவரையும் அதே இடத்தில் கட்டிப் போட்டுவிடுகின்றன. ஒரு வித்தியாசம்தான். அவர்கள் காத்திருந்தது அனுபவம். இவர் காத்திருப்பது நஷ்டம்.

காத்திருப்புக்குக் கூலி யார் தருவார்?

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். சரக்கு இறக்குமிடத்தில் வியாபாரி தாமதம் செய்தால் "ஹால்டிங்" என்று ஒரு தொகை கேட்கலாம். வண்டியே பழுதாகி நின்றால் யாரிடம் கேட்பது? நடைக்கு இவ்வளவு, அதில் ஓட்டுநருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் வண்டிகளில், நடை ஆறு நாளில் முடிந்தாலும் பன்னிரண்டு நாளில் முடிந்தாலும் கூலி ஒன்றுதான். சாப்பாட்டுச் செலவு மட்டும் இரட்டிப்பு. முதலாளியைக் குறை சொல்லித் தீர்த்துவிடவும் முடியாது. ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டுகிற முதலாளிகள் எத்தனையோ பேர்.

1961ஆம் ஆண்டில் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. வண்டி பழுதாகும் சமயத்தில் அதற்கு மேலும் வேலை வாங்க இடம் கொடுத்தது. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரமே வேலை நேரம் என்று சொல்லி, ஓட்டம் நின்றபோது அவன் தன் விருப்பப்படி கழிக்கும் நேரத்தை விலக்கியது. சாலையோரத்தில் வண்டிக்குக் காவல் கிடக்கும் பையனுக்கு விருப்பப்படி கழிக்க நேரம் ஏது? ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கோ அந்தச் சட்டம் தானாகப் பொருந்தவில்லை. ஒற்றை லாரிக்காரரும் அவருடைய கிளீனரும் வெளியே நின்றார்கள். 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டம் கரைக்கப்பட்டது. பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

லாப்டாப் மிஸ்திரி

கையில் செல்போன் வந்த பிறகு காத்திருப்பு குறைந்தது உண்மை. உடைந்த பாகத்தின் படத்தை நொடியில் அனுப்பலாம், பணத்தையும் போனிலேயே அனுப்பலாம். கம்பெனிகளே பழுது பார்க்கும் ஆட்களை அனுப்புகின்றன. ஆனால் வேறொரு சங்கடம் முளைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையாகும் புது வண்டிகள் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றில் "யூரியா" என்று ஓட்டுநர்கள் சொல்லும் திரவத்துக்குத் தனித் தொட்டி உண்டு. வழி நெடுக சென்சார்கள். ஒரு சென்சார் கோளாறு செய்தால் என்ஜின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய லாரியைக் கிராமத்துக் கொல்லன்கூடக் கட்டு போட்டு நகர்த்திவிடுவான். புது லாரிக்கு லாப்டாப்போடு ஓர் ஆள் வரவேண்டும். முன்பு இரும்புக்காகக் காத்திருந்தோம், இப்போது கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கிறோம் என்பது ஓட்டுநர்களின் கணக்கு.

சரக்கோடு போகும் இ-வே பில்லுக்கும் ஆயுள் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது சாதாரண சரக்குக்கான கணக்கு. வண்டி நின்று அந்தக் கெடு தாண்டும் என்று தெரிந்தால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து முடிந்த பின் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கவேண்டும். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் அந்த வண்டி எண்ணைப் பதிய வேண்டும். கவலையில் இதை மறந்துவிட்டால் பழுதோடு அபராதமும் சேரும்.

நாம் செய்யக் கூடியது

தில்லியில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சேலம், நாமக்கல் பக்கத்து உறவினர் உள்ள எந்த வீட்டுக்கும் என்றாவது ஒரு நாள் இப்படி ஒரு போன் வரலாம். அப்போது முதலில் கேட்கவேண்டியவை மூன்று. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், உடைந்த பாகத்தில் பொறித்திருக்கும் எண். பாகத்தின் படத்தைப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல் உள்ள சாமானானால் பல்லை எண்ணச் சொல்லுங்கள். காஷ்மீரி கேட்டில் ஒரே சாமான் அசலாகவும் இருக்கும், அசல் போலவும் இருக்கும். மிகவும் மலிவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது கேளுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

ஹிமாசலம், பஞ்சாப் பக்கம் அனுப்ப காஷ்மீரி கேட் நிலையம். ஆக்ரா, குவாலியர் பக்கமானால் சராய் காலே கான் நிலையம். அதை ஒட்டியே நிஜாமுதீன் ரயில் நிலையமும் இருக்கிறது. பேருந்தின் எண்ணையும் கண்டக்டரின் போன் எண்ணையும் வாங்கி உடனே ஓட்டுநருக்குச் சொல்லிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, போலீசுக்கு 112 என்ற எண்கள் அந்தக் கிளீனர் பையனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வண்டி புறப்படும்போது பின்னால் வைத்த கல்லை மறக்காமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இருட்டில் அந்தக் கல்லில் மோதி விழுகிற சைக்கிள்காரருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, ஹிந்தியில் நாலு வார்த்தை பேசிக் கொடுங்கள். நாம் பஸ்ஸிலும் ஆபீசிலும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட அந்த பாஷை, தாபாக்காரரிடமும் மிஸ்திரியிடமும் போலீஸ்காரரிடமும் நம் ஊர்ப் பையனுக்காகப் போனில் பேசும்போதுதான் முழுப் பலனைத் தருகிறது. சாமான் வருவதற்கு நாளாகலாம். நம் பாஷையில் ஒரு குரல் போய்ச் சேர நாளாகவேண்டியதில்லை.